எந்த 99? ஆயில் ஃபில்டர் பற்றிச் சில கேள்விகள்

ரங்கூனில் டாக்ஸி ஓட்டும் தம்பி: அண்ணே, ஒரு ஃபில்டர் பெட்டியில் 99 சதவீதம் தூசி பிடிக்கும் என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 95. விலை அதிகமானாலும் 99-ஐயே வாங்கிவிடலாமா?

பொறுங்கள் தம்பி. பெட்டியைத் திருப்பி, அந்த 99-க்குப் பக்கத்தில் எத்தனை மைக்ரான் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அந்த அளவுத் தூசியைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. ஓடும் என்ஜினில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்தான். அங்கே போய்த் தேய்ப்பது கண்ணுக்கே தெரியாத பொடி. அதனால் 40 மைக்ரானில் 99 என்பதைவிட 20 மைக்ரானில் 95 என்பதைத்தான் நான் எடுப்பேன்.

இரண்டிலும் 20 மைக்ரான் என்று இருந்தால் கதை வேறு. 99 என்றால் நூறு துகளில் ஒன்று தப்பும், 95 என்றால் ஐந்து தப்பும். பார்க்க நாலு சதவீத வித்தியாசம்தான், ஆனால் என்ஜினுக்குள் போகும் தூசி ஐந்து மடங்கு!

அப்புறம், எந்தச் சோதனையில் வந்த எண் என்பதும் வேண்டும். ஐ.எஸ்.ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு ஆயில் ஃபில்டருக்கு வகுத்த சோதனையான ஐ.எஸ்.ஓ 4548-12 என்று இருந்தால் நம்பிக்கை வரும். அந்தச் சோதனையில் ஆயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அளவு தெரிந்த சோதனைத் தூசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே இருப்பார்கள். ஃபில்டருக்கு முன்னால் எத்தனை துகள், பின்னால் எத்தனை என்று கருவி எண்ணும். ஃபில்டர் அடைத்து, அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள ஆயில் அழுத்த வித்தியாசம் குறித்த அளவைத் தொடும்வரை இது நடக்கும். எத்தனை கிராம் தூசியைத் தாங்கியது என்பதும் அதிலேயே தெரியும். இது உங்கள் என்ஜினின் ஆயுளைச் சொல்லாது. ஆனால் இரண்டு ஃபில்டர்களை ஒரே தராசில் வைக்க இதுதான் வழி. சதவீதம், மைக்ரான், சோதனையின் பெயர் மூன்றும் சேர்ந்து இல்லாத பெட்டிக்கு நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

பெகு வாசகர்: நான் வாங்கியதில் ஐ.எஸ்.ஓ 9001 என்று இருக்கிறது. அது போதாதா?

போதாது ஐயா. 9001 என்பது தொழிற்சாலை தன் வேலைமுறையை எப்படி நடத்துகிறது என்பதற்கான சான்று. தூசியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ரங்கூன் வாசகர்: நல்ல ஃபில்டர்தான் போட்டேன். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வருகிறது.

99 சதவீதம் இதைப் பற்றிப் பேசாது. வண்டி நிற்கும்போது ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் காக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. அது விறைத்துப்போனால், ஆயில் மறுபடி மேலே ஏறும்வரை சத்தம் கேட்கும். கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். போன மாதம் நான் அறுத்த ஒரு போலியில் ரப்பர், காய்ந்த தேங்காய்ச் சிரட்டைபோல விறைப்பாக இருந்தது. காகித மடிப்பு சேரும் இடத்தில் பசை விட்டு, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த வழியாக எந்த மைக்ரானும் போகும். சத்தம் ஃபில்டர் மாற்றியும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடை வைத்திருக்கும் அக்கா: கரண்ட் போய்ப் போய் வருகிறது, டீசல் ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓடுகிறது. நல்ல ஃபில்டர் போட்டால் மாற்றுவதைத் தள்ளிப் போடலாமா?

வேண்டாம் அக்கா. ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே என்ஜினுக்கு அனுப்பும். ஆயில் இல்லாமல் என்ஜின் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் 99 ஆனாலும் 95 ஆனாலும் ஒன்றுதான். ஓடிய மணியைச் சுவரிலேயே எழுதி வையுங்கள், ஜெனரேட்டரோடு வந்த புத்தகத்தில் போட்ட மணிக்கு மாற்றிவிடுங்கள். மாசி முதல் சித்திரை வரை அடிக்கும் புழுதிக்கு ஏர் ஃபில்டரையும் அடிக்கடி திறந்து பாருங்கள். ஆயிலில் சேரும் மண்ணில் நிறைய அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.