"கீழே வேண்டாம்மா, டிவி பாக்கலாம்"

மேடம்,
என் மகளுக்கு நான்கு வயது. எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழே ஒரு சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணியானால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை, இப்போது "கீழே வேண்டாம்மா, டிவி பாக்கலாம்" என்கிறாள். காரணம் எதிர் பிளாக் பையன். ஐந்து, ஐந்தரை வயது இருக்கும். இவள் பாதி ஏணி ஏறியதும் பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்துவிட்டு அவன் ஏறிப் போவான். ஊஞ்சலில் இருந்தால் "எறங்கு" என்பான், இவளும் இறங்கிவிடுவாள். அழக்கூட மாட்டாள். வந்து என் காலைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அவன் அம்மா பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் முகம் பார்க்கிறவர்கள், எதற்கு வம்பு என்று நானும் "அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்று சொல்லி அழைத்து வந்துவிடுகிறேன். மாமியார் "நீயும் திருப்பி ரெண்டு போடு" என்று சொல்லிக்கொடுக்கிறார். கணவர் "பழகிடும்" என்கிறார். இவள் பயந்தாங்கொள்ளியாகவே வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,
பெரிய பையன் இழுக்கிறான், விழுந்தால் அடிபடும் என்று தெரிந்து இறங்கி, நம்பிக்கையான ஆளிடம் போய் நிற்கிறாள். நான்கு வயதுக்கு அது நல்ல புத்திதான். வந்த இடத்தில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கவலை. இழுத்தவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இழுபட்டவளுக்கு அறிவுரை. (பெண்பிள்ளைகளுக்கு இந்த 'விட்டுக்கொடு' நம் வீடுகளில் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆரம்பித்துவிடுகிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

கொஞ்ச நாளைக்கு ஏணிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். அவன் கை நீட்டியதும் குனிந்து, நடுவில் உங்கள் கையை வைத்து, "தம்பி, இழுக்கக் கூடாது. அவ போனதும் நீ ஏறு" என்று சொல்லுங்கள். கத்தவும் வேண்டாம், சிரித்துக் குழையவும் வேண்டாம். அவன் காத்திருந்தால் "சமத்து" என்று ஒரு வார்த்தை. அவன் அம்மா கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. உங்கள் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஏறுவாள்.

அப்புறம், வீட்டில் ஒத்திகை. சோபாவைச் சறுக்குமரம் ஆக்குங்கள். முதலில் அவள் அந்தப் பையனாக இருக்கட்டும், நீங்கள் இழுபடுங்கள். பிறகு வேஷத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டியையும் இழுக்கிற பையனாக நடிக்கச் சொல்லுங்கள். ரெண்டு போடச் சொன்னவர், ஆசையாகச் செய்வார். உள்ளங்கையை முன்னால் நீட்டி, "இழுக்காத! என் டர்ன்!" அவ்வளவுதான். இதைவிட நீளமாக இருந்தால் பயத்தில் மறந்துபோகும். முதல் நாள் முனகுவாள். கேட்கவே இல்லை என்று பாட்டி காதைக் காட்டட்டும், குரல் தானாக ஏறும். திருப்பி அடிப்பதை மட்டும் சொல்லித்தர வேண்டாம். அவன் பெரியவன், ஏணியில் கைகலப்பு வந்தால் இரண்டு பேரும் விழுவார்கள்.

அந்தப் பையனுக்கு வீட்டில் 'கெட்ட பையன்' என்று பேர் வைக்காதீர்கள். ஆசை வந்ததும் கை முந்துகிற வயது அது. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளைப் பகுதி முழுசாக முதிர இருபது வயது தாண்டிவிடும். ஒருநாள் நீங்களே ஒரு பந்தோடு இறங்கி, இருவரையும் சேர்த்து விளையாட வைத்துப் பாருங்கள்.

வர மாட்டேன் என்கிற நாளில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கூட்டம் சேருமுன், நாலரை மணிக்கே பத்து நிமிடம் போய் வாருங்கள். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: தனியாக விட்டால் அவளுக்கு இறங்கிப் போவதுதான் பழகும்.

நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்தாலோ, தூக்கத்தில் அலறினாலோ, பள்ளிக்கும் போக மாட்டேன் என்று சில வாரங்கள் அடம்பிடித்தாலோ, குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. இன்று சாயங்காலம் சோபாவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.