பெங்களூரில் இறந்தவருக்கு நம் ஊர் விஏஓ சான்றிதழ் தர முடியுமா?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு 53 வயது. மாரடைப்பு வந்து, பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் இறந்துவிட்டார். இன்று 12ஆம் நாள். இங்கே பதிய முடியாது என்று விஏஓ சொல்லிவிட்டார். கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பா பெயரில் பேங்க் கணக்கும் மாந்தோப்பும் இருக்கின்றன. எதை முதலில் செய்வது?

பதில்: விஏஓ உங்களை அலைக்கழிக்கவில்லை. அடக்கம் எங்கே நடந்தது, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. உயிர் பிரிந்த இடத்தில்தான் இறப்பைப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கர்நாடகச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்ற பயம் வேண்டாம், நாடு முழுக்கச் செல்லும்.

ஆனால் கருமாதி வரை காத்திருக்காதீர்கள். யாராவது ஒருவர் நாளைக்கே அப்பாவின் ஆதாரோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், பெயரை எப்படி எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பதறிக்கொண்டு சேர்க்கிற நேரத்தில் கூடப் போனவர் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார். நம் இன்ஷியல் அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிவதும் இல்லை. பதிவாகும் முன் திருத்துவது சுலபம். பதிவான பிறகு என்றால் விண்ணப்பம், ஆதாரம் என்று பெங்களூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவீர்கள்?

அப்புறம் பேங்க். அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதீர்கள், காரியச் செலவுக்கே ஆனாலும். நாளைக்குப் பங்காளிச் சண்டை வந்தால் அதுதான் முதலில் வெளியே வரும். மாறாக, பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாத வரவு செலவைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். 55 வயது வரை எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நீங்கள் கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். இறந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிப்பது நல்லது. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குப் பொருந்தாது.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, தாசில்தார் தருவார். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகளின் பெயரை விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் பங்கு உண்டு. பல வீடுகளில் மறந்துபோவது இவரைத்தான். நாமினி பெயரும் பலரைக் குழப்புகிறது. பேங்க் கணக்கைப் பொறுத்தவரை நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர். அந்தப் பணம் வாரிசுகளுக்குச் சேர வேண்டியது.

தோப்புக்கு அவசரமே இல்லை. முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். பிரிக்க வேண்டுமானால் எல்லோரும் மனமொத்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாம். அதற்குள் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பெயரில் பயிர்க்கடன் பாக்கி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.