மகள் மாதிரி

கேள்வி: எங்கள் வீட்டோடு 13 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மகனைப் பார்த்துக்கொள்வதும் சின்னச் சின்ன மேல்வேலையும்தான். அவள் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். மகள் மாதிரிதான் வைத்திருக்கிறோம். இது குற்றம் என்று பக்கத்து வீட்டம்மாள் பயமுறுத்துகிறார். ஊரில் பட்டினி கிடப்பதைவிட இங்கே மூன்று வேளை சாப்பிடுவது மேல் அல்லவா?

– ஒரு வாசகி, கோவை

பதில்: பக்கத்து வீட்டம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் நீளமானது; இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மகனின் பெயர் ஏழு இடங்களில் வருகிறது. அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவனுடைய புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வேன் வரை வந்து வழியனுப்புகிறாளாம். ‘அவ்வளவு பாசம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளாக இருந்தால் அதே வேனில் ஏறியிருப்பாள், எட்டாம் வகுப்புக்கு.

14 வயது நிரம்பாதவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. ‘மகள் மாதிரி’ குடும்பத்துக்குக் கிடையாது.

பட்டினியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதற்கு முன்பே, 1956இல், காமராஜர் கவலைப்பட்டுவிட்டார். பள்ளிக்குப் போனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியம் முட்டையோடு சோறு கிடைக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வருமானம்தான் வேண்டுமென்றால் அவள் அம்மாவை வேலைக்கு வைத்திருக்கலாமே? வைக்க மாட்டீர்கள். அம்மா சம்பளம் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பார், ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவார். குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது. அதனால்தானே குழந்தை!

நானும் ஒழுங்கில்லை. சின்ன வயதில் என் பையையும் இப்படி ஒரு பெண் சுமந்தாள். மழை நாளில் குடை எனக்கு மட்டும்தான். அப்போது அது விசித்திரமாகவே படவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. உங்கள் மகனும் தினமும் வேன் ஜன்னல் வழியே பாடம் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நீங்களே போன் செய்யுங்கள். அவளைப் பள்ளியில் சேர்க்க வழி சொல்வார்கள். இதுவரை உழைத்ததற்குச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். முன்பணத்தை அதில் கழிக்காதீர்கள். கடனுக்கு உழைப்பை ஈடு கேட்பதற்குக் கொத்தடிமை என்று பெயர், அதை 1976லேயே ஒழித்தாகிவிட்டது.