படுத்தவுடன் நெஞ்சு எரிந்து, புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது. வயிற்றில் அமிலம் அதிகம் சுரப்பதுதான் காரணமா?

நானும் அப்படித்தான் நம்பி, ரோஸ் கலர் ஆன்டாசிட் பாட்டிலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து வருடம் ஓட்டினேன். அச்சகத்தில் இரண்டாவது ஷிஃப்ட், முடியப் பத்தரை ஆகும், வரும் வழியில் நான்கு புரோட்டாவும் சால்னாவும், வந்ததும் படுக்கை, ஒரு மணிக்குத் தொண்டை எரிய எழுந்து உட்காருவேன்.

பெரும்பாலானவர்களுக்கு அமிலம் கூடிப்போவதில்லை, இடம் மாறி வருகிறது, அவ்வளவுதான். இரைப்பைக்குள் எலுமிச்சைச் சாற்றை விடக் காட்டமான ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதுதான் இயல்பு. அதைத் தாங்க உள்சுவரில் கெட்டியான சளிப்படலம் இருக்கிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு கிடையாது, அதனால்தான் எரிகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை, பையின் வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டியது மாதிரி இருக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் சுற்றி நின்று அதை இறுக்கிப் பிடிக்கும். விழுங்கும்போது திறக்கும், சரி. ஆனால் வயிறு உப்பினாலும் காற்றை வெளியே விட அது தானாகத் திறக்கும், ஏப்பம் வருவது அப்படித்தான். உட்கார்ந்திருந்தால் காற்று மட்டும் போய்விடும், வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருந்தால் அந்த வாசலில் நிற்பது காற்றல்ல, அமிலம் கலந்த சால்னா. எண்ணெய்ப் பதார்த்தம் இரைப்பையை விட்டு இறங்கவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அதனால் ஒரு மணிக்கும் அது அங்கேயேதான் கிடக்கும்.

எனக்குப் பலித்தவை: சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, இடது பக்கம் ஒருக்களிப்பது. இடது பக்கம் படுத்தால் இரைப்பையின் பெரிய பகுதி அந்த வாசலுக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டு தலையணை வைத்துப் பார்த்தேன், இடுப்பு மடங்கி வயிறு அமுங்கியதுதான் மிச்சம். அப்புறம் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன் (சறுக்கிக்கொண்டே போகிறதென்று வீட்டில் ஒரு வாரம் திட்டு விழுந்தது). குளிர்ந்த பால் குடித்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் இருக்கும் புரதமும் கால்சியமும் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமிப்ரசோல் மாதிரி மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள், இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் சாப்பிடும்போதுதான் வேலை செய்யத் தொடங்கும், அவற்றைத்தான் அது அடைக்கிறது. நான் தூங்கப் போகும்போது போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம்.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால், "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் நேராக ஈசிஜி எடுக்கப் போய்விடுங்கள்.

புரோட்டாவை நான் விடவில்லை. எட்டு மணி இடைவேளையிலேயே இரண்டோடு முடித்துக்கொள்கிறேன்.