மீள்வதும் குடியேறுவதும்

வணக்கம். முல்லைத்தீவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கில அறிக்கைகளில் வரும் ‘ரிட்டர்ன்’, ‘ரீசெட்டில்மென்ட்’ இரண்டையும் ‘மீள்குடியேற்றம்’ என்றே எழுதிவந்தேன். யாரும் பிழை சொல்லவில்லை. போன கிழமை இரண்டும் ஒரே வசனத்தில் வந்தன. மேலே எழுத முடியவில்லை. இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றல்ல. நீங்கள் தயங்கி நின்றது நல்லது.

‘ரிட்டர்ன்’ என்பது விட்டுவந்த இடத்துக்கே திரும்புவது: அதே காணி, அதே கிணறு. ‘ரீசெட்டில்மென்ட்’ என்பது வேறோர் இடத்தில் புதிதாகக் குடியமர்வது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் (1998) 28 ஆவது கோட்பாட்டில் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. சொந்த இடத்துக்குத் திரும்பலாம், அல்லது நாட்டின் வேறு பகுதியில் குடியமரலாம். எதுவானாலும் அவர்களின் விருப்பப்படி நடக்க வேண்டும்.

முதற் சொல்லில் உள்ள ‘ரீ’ பின்னால் திரும்புவது. இரண்டாவதில் உள்ளது ‘இன்னொரு தரம்’ என்பது. நமது ‘மீள்’ இரண்டுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. ‘ஊருக்கு மீண்டார்’ என்றால் திரும்பினார். ‘மீண்டும்’ என்றால் மறுபடி. அதனால் ‘மீள்குடியேற்றம்’ என்று வாசிப்பவர், அந்தச் சனம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே எண்ணுவார். குடியேற்றம் என்றால் என்னவென்று வன்னிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் குடியேறியவர்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு தன் வளவுக்கே திரும்பியவரை அப்படிச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

உங்கள் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு என்ற ஊரை நினைத்துப் பாருங்கள். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த வவுனியா மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் அந்த ஊரவரும் இருந்தார்கள். ஊர் இராணுவத்திடம் இருந்தது. அவர்களை வேறோர் இடமான சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ‘மாதிரிக் கிராமம்’ எழுந்தது. ஏட்டில் மீள்குடியேற்றம் முடிந்தது. 2017 இல் அந்த மக்கள் கொட்டில் போட்டு இரவு பகலாக இருந்து கேட்டது தங்கள் சொந்தக் காணியை. அந்த ஏட்டுச் சொல்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

‘ரிட்டர்ன்’ வந்தால் ‘ஊர் திரும்பல்’ என்றும், மற்றதற்கு ‘வேறிடக் குடியமர்வு’ என்றும் எழுதுங்கள். இங்கே ஆங்கில அறிக்கைகளே ஊர் திரும்பியவர்களையும் ‘ரீசெட்டில்மென்ட்’ கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. ஆகவே எழுதுமுன் அறிக்கை தயாரித்தவரிடம் கேளுங்கள்: அந்தக் குடும்பங்கள் முன்பு இருந்த ஊர் எது, இப்போது இருக்கும் ஊர் எது?