கேமரா மாத்திரை உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அப்பாவுக்கு கேப்சூல் எண்டோஸ்கோபி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், விழுங்கும் கேமரா வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு இதே சோதனை நடந்தபோது கூடவே இருந்தவன், அவ்வளவுதான்.

மாட்டிக்கொள்வது உண்டு, ஆனால் அபூர்வம். பொதுவாக நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு. யாருக்கு மாட்டும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்க முடியும். எங்கள் வீட்டில் அந்த ஊகத்துக்கே நாங்கள் வழி விடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7. ரத்தம் ஏற்றினார்கள், ஒரு மாதத்தில் மறுபடி இறங்கிவிட்டது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று தேடினார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோபி, கீழிருந்து கொலனோஸ்கோபி, இரண்டிலும் ஒன்றும் இல்லை. வாய் வழியாகப் போகும் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். கீழிருந்து போவது அதன் கடைசித் துண்டை எட்டிப் பார்க்கும். நடுவில் சுருண்டு கிடக்கும் மீட்டர் கணக்கான குடலை இரண்டும் தொடுவதில்லை. கேப்சூல் அதற்குத்தான்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா இல்லை என்றார். நானும் தலையாட்டினேன். கதவு வரை வந்த பிறகு அம்மா மெல்லச் சொன்னார்: "முட்டி வலிக்கு எப்பவாவது ஒண்ணு போடுவேன்டா, அதுவுமா கணக்கு?" திரும்பப் போய் உட்கார்ந்தோம். அந்த 'எப்பவாவது' பிரிக்கப் பிரிக்க நீண்டுகொண்டே போனது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், நாலு வருஷமாக, அநேகமாகத் தினமும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வகை மாத்திரைகள் இரைப்பையில் மட்டுமல்ல, சிறுகுடலிலும் புண் உண்டாக்கும். புண் ஆறும்போது சில பேருக்குக் குடலுக்குள் மெல்லிய வளையம் போலச் சதை வளர்ந்து வழியைச் சுருக்கிவிடும். அது சிடி ஸ்கேனில்கூடத் தப்பிவிடலாம். கேமரா போய் நிற்கிற இடம் அப்படிப்பட்டதுதான். க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய், குடல் காசநோய், முன்பு நடந்த வயிற்று அறுவை, கதிர்வீச்சுச் சிகிச்சை, இவையும் வழியைச் சுருக்கக்கூடியவை.

அதனால் முதலில் ஒரு ஒத்திகைக் கேப்சூல் கொடுத்தார்கள். அளவு அதேதான், உள்ளே கேமரா கிடையாது. லாக்டோஸும் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கொஞ்சம் பேரியமும் சேர்த்துச் செய்தது. எங்காவது நின்றுவிட்டால் சுமார் முப்பது மணி நேரத்துக்கு மேல் தானாகக் கரைய ஆரம்பிக்கும். முழுசாக வெளியே வந்தால் வழி சரி. அம்மாவுக்கு மறுநாளே முழுசாக வந்தது.

அப்புறம்தான் நிஜக் கேப்சூல். 11 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் நீளம். பேரீச்சங்கொட்டையைக் கொஞ்சம் குண்டாக்கினால் எப்படியோ அப்படி. ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், இல்லையென்றால் குடலெல்லாம் கறுப்பாக இருந்து படம் தெளியாதாம். முந்தின நாள் நீராகாரம், ராத்திரி பேதி மருந்து. உண்மையில் கஷ்டமான பகுதி அந்த ராத்திரிதான். காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கியது இரண்டு விநாடி வேலை. இடுப்பில் பதிவுப் பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். விநாடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம். கணக்குப் போட்டால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அத்தனையையும் ஒரு டாக்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதனால் ரிப்போர்ட் அன்றைக்கே வராது.

அம்மாவின் கவலை வேறு. "இவ்வளவு காசு கொடுத்த கேமராவாச்சே, திருப்பிக் கொடுக்கணுமா?" வேண்டாம், படங்கள் ரேடியோ அலையில் பெட்டிக்குப் போய்விடும். ஆனால் கேப்சூலுக்குள்ளேயே படத்தைச் சேமிக்கும் ரகமும் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அது என்றால் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேமரா மாத்திரையை முதலில் யோசித்தவர் கவ்ரியேல் இட்டான் என்ற இஸ்ரேல் பொறியாளர். ஏவுகணைக்குக் கண் செய்து கொடுத்தவர். 1999-இல் லண்டன் மருத்துவர் பால் ஸ்வெய்ன் முதல் ஆளாகத் தானே அதை விழுங்கிப் பார்த்தார். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏவுகணை சமாச்சாரத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சரி, மாட்டினால்? பெரும்பாலும் வலிகூட இருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் உள்ளே இருந்தால்தான் தங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு பலூன் வைத்த நீளமான எண்டோஸ்கோப்பால் எடுப்பார்கள், அல்லது அறுவை. அறுவை என்றால், வழியைச் சுருக்கிய அந்த நோயையும் சேர்த்தே எடுத்துவிடுவதும் உண்டு. நடுவில் வயிற்று வலி, வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது. வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று: இது பார்க்க மட்டும்தான் செய்யும். சதை எடுக்காது, ரத்தக்கசிவை நிறுத்தாது, வேண்டிய இடத்தில் திருப்பவும் முடியாது. அம்மாவுக்குச் சின்னச் சின்னப் புண்கள் தெரிந்தன. வலி மாத்திரையை நிறுத்தி, இரும்புச்சத்தை ஊசியாகப் போட்டார்கள். நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11-க்கு வந்தது. முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு இப்போது பிசியோதெரபி.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளை வாயால் சொல்லாதீர்கள். தலையணைக்கு அடியில், சட்டைப் பையில் இருப்பது உட்பட எல்லா அட்டையையும் ஒரு கவரில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள்.