தச்சுப் பட்டறைக்கு 2,800 சுற்று பெஞ்ச் கிரைண்டரா, 1,400 சுற்றா?

புதிதாகத் தச்சு வேலை தொடங்கும் ஒருவர், பெஞ்ச் கிரைண்டர் (மேசையில் பொருத்தும் சாணை இயந்திரம்) வாங்கும்போது நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழல்வதை வாங்குவதா, 1,400 சுற்று சுழல்வதையா என்று கேட்டிருந்தார். உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் சாணை பிடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: 1,400 சுற்று இயந்திரத்தையே வாங்குங்கள். வெல்டிங் பிசிறு எடுப்பதும் இரும்புத் துண்டுகளைத் தேய்ப்பதும்தான் வேலை என்றால் 2,800 சரியானது. அதில் எனக்கு மறுப்பில்லை.

நான் முதலில் வாங்கியது 2,850 சுற்று, 200 மி.மீ. கல். கடைக்காரர் என்ன வேலைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேகம் கூடுதலாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று மட்டும் சொன்னார். அந்தக் கல்லின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடும் என்பதும், அதே கல் 1,425 சுற்றில் 15 மீட்டர்தான் ஓடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி நம்பிக் கொடுத்த ஒரு அங்குல உளியைக் கல்லில் வைத்தேன். வாயின் மூலையில் வைக்கோல் நிறம் ஓடியது, கையை எடுப்பதற்குள் அது மயில் கழுத்து நீலமாகிவிட்டது. கார்பன் எஃகில் அந்த நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரியை நெருங்கிவிட்டது, எஃகின் கடினப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். மறுநாள் வேங்கை மரச் சட்டத்தில் துளையடிக்கையில் நாலாவது அடியிலேயே வாய் மடங்கியது. நீலம் போகும்வரை 3 மி.மீ. தேய்த்துக் கழிக்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி திட்டவில்லை, உளியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

தொட்டுத் தொட்டு எடுத்து, தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்தால் 2,800-லும் தீட்டலாமே என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். தீட்டலாம், இன்று நானும் தீட்டுவேன். ஆனால் கேட்டவர் புதிதாகத் தொடங்குபவர் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எனப்படும், சூடு தாங்கும் எஃகு 500 டிகிரிவரை தாங்குமே என்பதும் உண்மைதான், ஆனால் நம் ஊர் உளிகளில் பெரும்பாலானவை அந்த எஃகில் செய்தவை அல்ல.

வேகத்துக்கு இணையாகக் கல்லையும் பாருங்கள். இயந்திரத்தோடு வரும் சாம்பல் நிறக் கல்லின் முகம் மழுங்கிப் பளபளத்துவிட்டால், எந்த வேகத்திலும் அது வெட்டாமல் சூட்டைத்தான் கிளப்பும். 60 அல்லது 80 எண் (கல்லின் மணி எவ்வளவு நுண்மை என்பதைக் காட்டும் எண்) வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லை மாட்டி, டிரெஸ்ஸரால் (கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கும் கருவி) அடிக்கடி முகம் திறந்துவிடுங்கள். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று, மோட்டார் தகட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கல்லை மாட்டவே கூடாது.

பழைய 2,800 சுற்று இயந்திரத்தை மின்விசிறி ரெகுலேட்டர் வைத்துக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது அதற்குள் உள்ள காந்தத் துருவங்களின் எண்ணிக்கையும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும்தான். மின்னழுத்தத்தைக் குறைத்தால் இழுவை போய், சுருள் சூடேறிக் கருகும்.